கூடத்தில் கேட்ட பதில்

அண்ணன் தன் அலுவலக வாசலில் வந்து நிற்பார் என்று தங்கை கனவிலும் நினைத்ததில்லை. அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு அவர் ஒருமுறைகூட வந்தது கிடையாது. அவர் நடத்தும் வழிபாட்டுக் கூடத்துக்கு அவள் போயும் பல வருடங்கள் ஆகியிருந்தன. பகை ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் பார்த்துக்கொள்வார்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். கடவுள் பேச்சு வந்தால் மட்டும் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார்.

சத்தத்தை அளப்பதுதான் அவள் தொழில். தொழிற்சாலை இயந்திரங்கள், சினிமா கொட்டகைகளின் எதிரொலி, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் என்று எங்கே சத்தம் தொல்லை கொடுத்தாலும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். அன்று ஒரு சலவை இயந்திரம் வந்திருந்தது. துணி பிழியும்போது குழந்தை சிணுங்குவதுபோல ஒரு சத்தம் போடுகிறது என்று புகார். சுவர் முழுக்கப் பஞ்சு பொதிந்த சோதனை அறையில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதியாகப் பேச வேறு இடம் இல்லாததால் அண்ணனையும் அங்கேயே கூட்டிப் போனாள்.

கனமான கதவு மூடியதும் அவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னம்மா இது, காது அடைச்சுக்கிட்ட மாதிரி இருக்கு?"

"காதுக்கு ஒண்ணும் ஆகல. இங்க நீங்க பேசுறது திரும்பி வராது, சுவரு முழுங்கிடும். கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க, உங்க ரத்தம் ஓடுறதே கேக்கும்."

அவர் உடனே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மௌனமாக உட்காருவது அவருக்குப் பழக்கமான வேலை. சற்று நேரம் கழித்துக் கண் திறந்தபோது முகம் சின்னப் பையனுடையதுபோல மலர்ந்திருந்தது. "கேக்குதே! ஏதோ இரைச்சல் மாதிரி..." என்றார்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார்.

கூடத்தில் வாராவாரம் வழிபாட்டின் நடுவே கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லோரும் மௌனமாக வேண்டிக்கொள்வது வழக்கம். ஏறக்குறைய ஒரு வருடமாக, அந்த நேரத்தில் மேலே எங்கிருந்தோ ஒரு சத்தம் வருகிறது. அடித்தொண்டையில் யாரோ ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அதற்குப் 'பதில்' என்று பேர் வந்துவிட்டது. இன்றைக்குப் பதில் வந்ததா, எவ்வளவு நேரம் வந்தது என்பதுதான் இப்போது ஊர்ப் பேச்சு. வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். உட்கார இடமில்லை.

"நல்ல விஷயம்தானே அண்ணா? கூட்டம் இல்லேன்னுதானே முந்தி வருத்தப்பட்டீங்க?"

"நல்ல விஷயம்தான். ஆனா அது என்னன்னு எனக்குத் தெரியாதே. வாராவாரம் எல்லார் முன்னாலயும் நின்னு 'பதில் வந்திருக்கு'ன்னு சொல்றேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா அதுக்குப் பேர் என்ன? நீ வந்து பார்த்துச் சொல்லு."

"ஏதோ ஓட்டைக் குழாய்னு தெரிஞ்சா?"

"குழாய்னு சொல்லிடுவேன்."

"ஒண்ணும் பிடிபடலேன்னா?"

"பிடிபடலேன்னு நீ சொல்லுவே. சொல்லுவேதானே?"

தங்கை சிரித்துவிட்டாள். அவளிடம் வருகிறவர்கள் எல்லோரும் சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தான் வருவார்கள். அது என்ன சத்தம் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் ஒருவர் வந்தது இதுவே முதல்முறை. அதுவும் அண்ணன். சலவை இயந்திரம் காத்திருக்கட்டும் என்று தோன்றியது.

கூடத்து வாசலில் அண்ணி நின்றிருந்தாள். தங்கையின் கையிலிருந்த மைக்குகளையும் கம்பிச் சுருளையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆக, கடவுளுக்கே ஸ்டெதஸ்கோப் வைக்க வந்துட்டே."

"கட்டடத்துக்குத்தான் அண்ணி."

"கட்டடத்துக்கு என்ன, நெஞ்சுச் சளியா?" என்று கேட்டுவிட்டு, அண்ணி குரலைத் தணித்துக்கொண்டாள். "இதோ பாரு, உன்னை நான் தடுக்கப் போறதில்ல. நான் அதைக் கேட்டிருக்கேன். நீ கேட்டதில்ல. முதல்ல கேளு, அப்புறம் அளந்துக்கோ."

அவள் சொன்னது நியாயம்தான். ஆளில்லாத கூடத்தில் தங்கை நாள் முழுக்கக் காத்திருந்தும் எதுவும் கேட்கவில்லை. உயரமான கூரை, வரிசையாகப் பெஞ்சுகள், புதிதாக வெள்ளையடித்த சுவர்கள், வெளியே போகும் வண்டிகளின் சத்தம், அவ்வளவுதான். தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தாள். மின்விசிறிகளை ஒவ்வொன்றாகச் சுற்றவிட்டாள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரை போய் வந்தாள். ஒன்றும் பொருந்தவில்லை.

வழிபாட்டு நாளன்று மின்சாரத்தின் மெயின் சுவிட்சையே அணைக்கச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டம். பாட்டு முடிந்தது. கதவுகளையும் ஜன்னல்களையும் சாத்தினார்கள். இருமல்கள் அடங்கின. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்கு வராது போலிருக்கிறது என்று அவள் நினைத்தபோது, வந்தது.

முதலில் அது காதில் விழவில்லை, நெஞ்சுக்கூட்டில்தான் தெரிந்தது. பிறகு மெல்லத் தடித்து, கூடம் முழுக்கப் பரவி, அப்படியே நின்றது. மூச்சு வாங்கவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை. தங்கைக்குக் கைமயிர் சிலிர்த்து நின்றது. முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். கருவியின் திரையைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு நினைவு வந்தபோது பாதி நேரம் போயிருந்தது.

அன்று சாப்பிடும்போது அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி. நீங்க சொன்னது சரிதான், கேக்காம அளக்க முடியாது. சிலிர்த்துப்போச்சு."

அண்ணி அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அடுத்த வாரம் மைக்குகளை உயரம் உயரமாகக் கட்டிப் பார்த்ததில், சத்தம் கூரையின் நடுவிலிருந்து வருவது தெரிந்தது. அது மனிதக் குரல் இல்லை, மின்சாரத்தாலும் வரவில்லை. ஏணி போட்டு மேலே ஏறினாள். கூரையைப் பழுது பார்த்தபோது, உள்ளே சேரும் சூடான காற்று வெளியேற ஒரு தகரக் குழாய் வைத்திருந்தார்கள். அதன் பக்கவாட்டில் கிளைபோல இன்னொரு குழாய். எதற்காகவோ பொருத்தி, வேண்டாம் என்று முனையை மட்டும் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். பழுது பார்த்தது எப்போது என்று மேலிருந்தே கத்திக் கேட்டாள். போன வருடம் என்று அண்ணன் கீழிருந்து கத்தினார்.

இறங்கி வந்ததும் ஒரு பேனா மூடியை வாங்கி, உதட்டோரம் வைத்து ஊதிக் காட்டினாள். கீச்சென்று விசில் வந்தது.

"இதேதான் மேலேயும். இது சின்னது, அதனால கீச்சுங்குது. அது நீளம், அதனால ம்ம்ம்னு வருது. பெரிய குழாய்ல காத்து வேகமா மேலே போறப்போ, மூடின கிளையோட வாயை உரசிட்டுப் போகுது."

"சரி, ஊதுறது யாரு?" என்று அண்ணி கேட்டாள்.

தங்கை அவளைப் பார்த்தாள். மேலே நின்றபோது தானும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது.

"நீங்கதான் அண்ணி. எல்லாரும்தான். ஒவ்வொரு உடம்பும் ஒரு சின்ன அடுப்பு மாதிரி. இவ்வளவு பேர் நெருக்கி உக்காந்தா கூடம் சூடாகுது. சூடான காத்து மேலே ஏறும். கதவு ஜன்னலைச் சாத்தினதும் அதுக்குப் போக வழி அந்தக் குழாய் மட்டும்தான்."

"அதாவது, நாங்களே ஊதிட்டு நாங்களே கேட்டுக்கிட்டோம்கிறே."

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"நினைக்கிறதை நாங்களும்தான் நினைச்சோம். நிரூபிச்சுக் காட்டு."

நாலு நாள் கழித்து ஒரு காலையில், கட்டட வேலைக்காரர்கள் ஈரச் சுவரைக் காயவைக்கப் பயன்படுத்தும் ஹீட்டர்களைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி வந்து, பெஞ்சுகளுக்கு நடுவே வரிசையாக வைத்தாள். கூடத்தில் மூன்று பேர் மட்டும்தான்.

அண்ணன் முன்னால் நின்று பார்த்தார். "இவ்வளவு ஒழுக்கமான கூட்டம் எனக்கு இதுவரைக்கும் வாய்ச்சதில்ல. ஒருத்தர்கூட ஃபோனை எடுக்கல."

யாருக்கும் பெரிதாகச் சிரிப்பு வரவில்லை. கதவுகளைச் சாத்தினார்கள். ஹீட்டர்கள் சிவந்தன. சூடு ஏற ஏற மூவரும் சேர்ந்தாற்போலக் கூரையைப் பார்த்தார்கள். பதில் வந்தது. அதே சுருதி, அதே தடிமன்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணி நின்றபடியே கேட்டாள். பிறகு விறுவிறுவென்று நடந்து போய்ப் பாதி ஹீட்டர்களை அணைத்தாள். சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. மறுபடி போட்டாள். நேரம் எடுத்தது, ஆனால் வந்தது. இன்னொரு முறை அணைத்தாள், போட்டாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. தங்கை அவளைத் தடுக்கவில்லை. இதே சோதனையைத் தானே செய்திருந்தாலும் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க முடியாது.

"சரி, ஹீட்டருக்கும் பதில் வருது," என்று சொல்லிவிட்டு அண்ணி கணவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தங்கைக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், "தையல்காரம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றார்.

தையல்காரம்மாவும் அவள் கணவரும் அந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள். வந்த கொஞ்ச நாளிலேயே அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவருக்காகக் கூடத்தில் நடந்த வேண்டுதலுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே வந்திருந்தார்கள். சோறு தண்ணி இறங்காமல், பேச்சில்லாமல் கிடந்தவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள். மௌன நேரத்தில் அந்தச் சத்தம் வந்ததாக அவள் சொன்னாள். மறுநாள் எழுந்து கடையைத் திறந்தாள். அதற்குப் 'பதில்' என்று முதலில் பேர் வைத்தவளே அவள்தான்.

"எல்லார் முன்னாலயும் சொல்றதுக்கு முந்தி அவங்ககிட்ட சொல்லணும். நீயும் வா. எனக்குக் குழாய் பத்திச் சொல்ல வராது" என்றார் அண்ணன்.

தையல் கடை ஒரு ஆள் புழங்கும் அகலம்தான். ஒரு பக்கம் பள்ளிச் சீருடைகளின் கைகள் மட்டும் தனியாகக் குவிந்திருந்தன. தையல்காரம்மா கழுத்தில் டேப்புடன், இருந்த ஒரே ஸ்டூலை அண்ணனுக்குத் தள்ளினாள். தங்கை விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பேனா மூடி கைவசம் இல்லை. மெஷின் எண்ணெய் தீர்ந்துபோன சின்ன பாட்டில் ஒன்று கிடந்தது. தையல்காரம்மாவே அதை எடுத்து, வாயில் வைத்து ஊதினாள். முதலில் வெறும் காற்று. கொஞ்சம் சாய்த்துப் பிடித்ததும் சத்தம் வந்தது. திரும்பவும் ஊதினாள். அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க ஏன் திருடின மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று அவள் கேட்டாள். பிறகு தங்கையிடம் திரும்பி, "கூட்டம் இருந்தாத்தான் வரும்கிறீங்க. அன்னைக்கு நாங்க ஏழெட்டுப் பேர்தானே?"

"வெளியே ரொம்பக் குளிரா இருந்ததா? வெளியே குளிர்னா கொஞ்சம் பேர் இருந்தாலும் வரலாம்."

"குளிரா? வெயில் கொளுத்துச்சு. அவரைத் தூக்கிட்டுப் போனவங்க சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு."

தங்கை மனக்கணக்குப் போட்டாள். ஏழெட்டு உடம்பின் சூடு அந்தக் கூடத்துக்கு எந்த மூலைக்கு? வெயிலில் தகரம் காய்ந்து குழாய்க்குள் காற்று இழுத்திருக்கலாம். ஆனால் கூடத்தில் நாள் முழுக்கக் காத்திருந்தாளே, அன்றும் வெயில்தான். அன்று ஏன் வரவில்லை?

"எனக்குத் தெரியலம்மா," என்றாள். "வேற யாருக்காவது கேட்டுதா அன்னைக்கு?"

"எனக்குக் கவனமில்ல. எப்படி ஆறுதல் சொல்றதுன்னே யோசிச்சுட்டிருந்தேன்," என்றார் அண்ணன்.

"ஒருவேளை நானா நினைச்சுக்கிட்டேனோ என்னவோ," என்றாள் தையல்காரம்மா. பல் இன்னும் வலிக்கிறதா என்று நாக்கால் தொட்டுப் பார்ப்பவள்போல அதைச் சொன்னாள். "இல்ல, கேட்டுது. அப்படித்தான் எனக்கு ஞாபகம்."

"அதே மாதிரி ஒரு நாள் உக்காந்து பார்ப்போமா?" என்று தங்கை கேட்டாள். கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் தையல்காரம்மாவின் கண்களிலும் அதே ஆசை தெரிந்தது.

நல்ல வெயில் நாளாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். அன்று வந்திருந்தவர்களில் கிடைத்தவர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவரவர் அன்று எங்கே உட்கார்ந்தோம் என்பதிலேயே சண்டை வந்தது. ஒருவர் சத்தம் கேட்டதாகச் சத்தியம் செய்தார், இன்னொருவர் இல்லவே இல்லை என்றார். கதவுகளைச் சாத்திவிட்டு வெகுநேரம் காத்திருந்தார்கள். வரவில்லை.

வெளியே வரும்போது தங்கைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஒருநாள் வரலேங்கிறதால அன்னைக்கும் வரலேன்னு அர்த்தமில்லம்மா. காத்தோட திசை மாறியிருக்கலாம், கதவு கொஞ்சம் திறந்திருந்திருக்கலாம்..."

"விடுங்க. கேள்வி கேட்டா ஒருதரம் பதில் சொல்லுவாங்க. திரும்பத் திரும்ப நிக்கவெச்சுக் கேட்டா அது போலீஸ் விசாரணை" என்று தையல்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். தெருவில் இறங்கியவள் நின்று திரும்பினாள். "ஆனா உங்களுக்கு என்னிக்காவது தெரிஞ்சா என்கிட்ட வந்து சொல்லணும். மறைக்கக் கூடாது."

அந்த வார வழிபாட்டில், பாட்டுக்கு முன்னாலேயே அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். குழாய், சூடு, ஹீட்டர் சோதனை எதையும் விடவில்லை. கடைசி பெஞ்சிலிருந்த தங்கையின் பக்கம் கூட்டம் முழுக்கத் திரும்பியது. மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"கடவுளோட வேலையைத் தகரக் குழாய் வேலைங்கிறீங்களா? நீங்களே இப்படிச் சொன்னா எப்படி ஐயா?"

நடுவரிசையில் ஒரு டீச்சர் எழுந்தார். "குழாய் வழியா அவர் பேசக் கூடாதா என்ன?"

"பேசலாம் டீச்சர். அவர் எது வழியா வேணும்னாலும் பேசலாம்," என்றார் அண்ணன். "ஆனா பேசினார்னு நான் இங்க நின்னு சொல்ல முடியாது. ஹீட்டர் வெச்சப்போ குழாய் பேசினதை நான் என் காதால கேட்டுட்டேன்."

மருந்துக்கடைக்காரர் வெளியே நடந்தார். பின்னாலேயே சிலர் போனார்கள். அண்ணியின் விரல்கள் புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. ஆனால் அவள் முதுகை வளைக்கவில்லை.

கிளைக் குழாயை அடைத்துவிடலாம் என்று அண்ணன் சொன்னபோது எதிர்த்தவள் தங்கைதான்.

"எதுக்கு அண்ணா? இப்பத்தான் என்னன்னு தெரிஞ்சுபோச்சே. யாரும் ஏமாறப் போறதில்ல. எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா? இவ்வளவு பேரோட சூடு ஒரே சுருதியாகுது. நான் எத்தனையோ கட்டடம் பார்த்தாச்சு, இப்படி ஒண்ணு பார்த்ததில்ல."

"அழகாத்தான் இருக்கு. ஆனா ஒரு வருஷமா யாரும் வேண்டிக்கலம்மா, நானும்தான். எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு, இப்ப வருமா அப்ப வருமான்னு உக்காந்திருக்கோம். வராத அன்னைக்கு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்து, யார் பண்ணின பாவமோன்னு தேடுறாங்க."

அவளே பஞ்சுப்பாளத்தை அளவாக வெட்டி, ஏணியில் ஏறிக் கிளையின் வாயை அடைத்தாள். இறங்கும்போது ஏதோ ஒரு நல்ல பாட்டை நடுவில் நிறுத்தியதுபோல இருந்தது.

அடுத்த வழிபாட்டில் கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. டீச்சர் வந்திருந்தார். தையல்காரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கருவி எதுவும் கொண்டு வராமல் தங்கையும் வந்திருந்தாள். ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் அடைப்பு சரியாக நிற்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்ல நினைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. மௌன நேரம் வந்தது, போனது. எதுவும் வரவில்லை.

எல்லோரும் போன பிறகு அண்ணன் கூடத்துப் படியில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன கேட்டுது?"

"ஒரு இருமல். யாரோ ஒருத்தர் வயிறு. தெருவுல ஒரு பஸ் கியர் மாத்துச்சு."

"எனக்கும் அதேதான்," என்றார். "இதுக்கு நடுவுல வேண்டிக்கிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம்."

தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம். அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அண்ணா, வேண்டிக்கிறப்போ உங்களுக்குள்ள என்ன நடக்குது? கிண்டல் பண்ணல, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேக்கிறேன். வார்த்தையா வருமா? எதிர்ல யாரோ இருக்கிற மாதிரி இருக்குமா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார். "வார்த்தையாத்தான் ஆரம்பிக்கும்," என்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல, அது சரியில்ல. இரு, யோசிச்சுச் சொல்றேன். இதுவரைக்கும் யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல."

அவர் யோசித்துச் சொல்ல ஆரம்பித்தார். சொன்னதைத் திருத்தினார், திருத்தியதை மறுபடி திருத்தினார். அவள் குறுக்கே புகுந்து கேட்டாள். கூடத்தை ஒட்டியிருந்த வீட்டுக்குள்ளிருந்து அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். பதிலே வராததால் கரண்டியும் கையுமாக வெளியே வந்து பார்த்தாள். இருவரும் பேசிக்கொண்டிருப்பதை ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, தானும் படியில் இறங்கி வந்து, "அப்படி இல்லங்க, எனக்கு வேற மாதிரி இருக்கும்," என்றாள்.